குடைமிளகாய் நாற்றுக்கு நான் வாங்கிய விளக்கு

அந்த விளக்கைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கடைக்காரர் விற்றார், என் வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றி வந்தார், என் ஓரகத்தி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ‘இதுதான் வேண்டும்’ என்று விரலை நீட்டியது நான். அந்தப் பழியை வேறு யார் மேலும் போட எனக்கு மனது வரவில்லை.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன நாற்றுப் பண்ணை இருக்கிறது. பண்ணை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை போட்ட ஒரு பந்தல், ஒரு தண்ணீர்த் தொட்டி, அடுக்கி வைத்த குழித்தட்டுகள், அவ்வளவுதான். நானும் என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவியான அந்த ஓரகத்தியும் சேர்ந்து நடத்துகிறோம். தக்காளி, மிளகாய், முட்டைக்கோஸ், செண்டுமல்லி என்று விவசாயிகள் விதையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் தட்டில் போட்டு, நான்கு இலை ஐந்து இலை வந்ததும் நாற்றாகத் திருப்பிக் கொடுப்போம். அவளுக்குக் கை ராசி. எந்தத் தட்டில் ஈரம் குறைந்திருக்கிறது என்று தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். எனக்கு ஃபோன் வேலை, கணக்கு வேலை, எங்கேயாவது எதையாவது படித்துவிட்டு வந்து ‘இப்படிச் செய்யலாமா’ என்று கேட்கிற வேலை. நான் பிளஸ் டூ முடித்தவள், அவள் எட்டோடு நின்றவள். அந்த வித்தியாசத்தை அவள் எப்போதும் பெரிதாக எடுத்துக்கொண்டாள். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்த வருடம் ஐப்பசிக் கடைசியில் ஒரு வாரம் விடாமல் மழை. நடுவில் ஒருநாள் அடித்த காற்றில் நிழல்வலை பாதி கிழிந்து பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் போய் மாட்டிக்கொண்டது. அதே வாரம்தான் பாலக்கோட்டுப் பக்கம் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் பசுமைக்குடில் வைத்திருக்கும் ஒரு விவசாயி கொடுத்த குடைமிளகாய் விதை முளைத்து மேலே வந்திருந்தது. சாதாரண மிளகாய் விதை மாதிரி இல்லை அது. ஒவ்வொரு விதையையும் தங்கப்பொட்டு மாதிரி விரல் நுனியில் எடுத்து வைத்திருந்தோம். வெளியே விட்டால் அழுகிப்போகும். அதனால் தட்டுகளை எல்லாம் கொட்டகைக்குள் தூக்கி வைத்தோம். அது முன்பு பட்டுப்புழு வளர்த்த கொட்டகை. மல்பெரி இலை பறிக்க ஆள் கிடைக்காமல் புழு வளர்ப்பதை நாங்கள் நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. நான்கு அடுக்குக் கம்பி ஸ்டாண்டுகள் மட்டும் அப்படியே நின்றன. தட்டு வைக்க அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

ஆனால் உள்ளே இருட்டு. மூன்றாம் நாளே நாற்றெல்லாம் வெளிறி, நூல் மாதிரி நீண்டு, இருந்த ஒரே சன்னல் பக்கம் சாய்ந்துகொண்டன.

“வெளிச்சம் தேடுதுங்க்கா. லைட்டு போட்டா ஒத்துக்குமா?” என்றாள் ஓரகத்தி.

அன்று முழுக்க நான் ஃபோனும் கையுமாகத்தான் இருந்தேன். வீட்டுக்குள் நாற்று வளர்க்கும் விளக்குகளைப் பற்றி அத்தனை வீடியோக்கள் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒருவர் சிவப்பும் நீலமும் கலந்தால்தான் செடி வளரும் என்றார். இன்னொருவர் பூக்கத்தான் சிவப்பு, நாற்றுக்கு நீலம் போதும், நீலத்தில்தான் தண்டு தடித்துக் குட்டையாக வரும் என்றார். சிவப்பும் நீலமும் கலந்த அந்த ஊதா விளக்கை வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்று போட்டிருந்தது. பத்து நாள் நாற்று தாங்காது. ‘நாற்றுக்கு நீலம் போதும்’ என்ற அந்த ஒரு வரி என் மண்டையில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காய்கறி லோடு இறக்கிவிட்டு வந்த வீட்டுக்காரரோடு தருமபுரிக்குப் போனேன். கட்டடம் இடித்த சாமான்களை விற்கும் ஒரு கடை இருக்கிறது. பழைய கதவு, சன்னல், மின்விசிறி, ட்யூப் லைட் எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரர் நல்ல மனிதர். போன உடனே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“செடிக்கு மேல மாட்டணும்ங்க. நீலமா எரியற மாதிரி ட்யூப் எதுனா இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“நீலமாவா? இருங்க, ஒண்ணு வந்துச்சு” என்று உள்ளே போனவர், நாலடி நீளத்தில், மாட்டுகிற பட்டியோடு ஒரு ட்யூபைத் தூக்கி வந்தார். வழக்கமான ட்யூப் பால் மாதிரி வெள்ளையாக இருக்குமே, இது அப்படி இல்லை. வெறும் கண்ணாடி. இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் அவருடைய விரல் தெரிந்தது.

“பவுடர் பூசாததுங்க. ஒரு ஆஸ்பத்திரிய இடிச்சுக் கட்டறாங்க, அங்கருந்து வந்துச்சு. நல்லா ஓடுது, பாருங்க.”

ஒயரைச் செருகி ஐந்து விநாடி போட்டுக் காட்டினார். லேசான நீலம். கண்ணைக் கூசவே இல்லை. மழைக்கால வானம் வெளுக்கும்போது வருமே, அப்படி ஒரு நிறம்.

“ஆஸ்பத்திரில இதை எதுக்குங்க போட்டிருந்தாங்க?” என்று கேட்கத்தான் செய்தேன்.

“யாருக்குத் தெரியும்ங்க? ஏதோ ரூமுல மாட்டியிருந்தாங்க. கழட்டியாந்தோம்.”

அவரிடம் ஆறு இருந்தன. நான்கு எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் தூசியைத் துடைக்கும்போது ட்யூபின் ஓரத்தில் சின்னதாக ஒரு முக்கோணக் குறியும், அதற்குப் பக்கத்தில் பாதி அழிந்த ஆங்கில எழுத்துகளும் இருப்பதைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படித்ததில் கண் என்பதற்கான சொல் மட்டும் விளங்கியது. உற்றுப் பார்க்காதே என்று எல்லா விளக்கிலும்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஓரகத்தி அப்போது என் எதிரில்தான் உட்கார்ந்து அடுத்த ட்யூபைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் நான்கையும் ஸ்டாண்டில் கட்டி, ஒருமுறை போட்டுப் பார்த்து, ஒசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப ஒரு போட்டோவும் எடுத்தார். மறுநாள் விடியும் முன்பே லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆறு மணிக்கு நானும் அவளும் கொட்டகைக்குள் போய் ஸ்விட்சைப் போட்டோம்.

“அக்கா, சினிமா செட்டு மாதிரி இருக்குதுங்க!” என்று அவள் கை தட்டினாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள். “என்னமோ வாசனை வருதுங்க்கா.”

“பழைய ஒயரு சூடாவுது, வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

முளைக்காத குழிகளில் வேறு தட்டிலிருந்து நாற்றைப் பிடுங்கி நடுகிற வேலை. குச்சியால் நெம்பி, வேர் அறுபடாமல் எடுத்து, இன்னொரு குழியில் வைக்க வேண்டும். அவள் முக்காலி போட்டு இரண்டாவது அடுக்குக்கு நேராக உட்கார்ந்தாள். விளக்கு அவள் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. எனக்குக் கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி உண்டு, அதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். நடுவில் ஃபோன் வந்தது, தண்ணீர் மோட்டார் போடப் போனேன், பாப்பாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்தேன். பாப்பா என்பது அவளுடைய மகள், ஏழு வயது. ஓரகத்தி மட்டும் எழுந்திருக்கவே இல்லை. எட்டு மணிக்கு முதுகை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். நாற்றுக்கு வெளிச்சம் வேண்டுமே என்று விளக்கை அணைக்காமல் விட்டுவிட்டோம்.

மதியம் சோறு போடும்போது அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். தட்டில் போடும் தென்னை நார்க்கழிவுத் தூசி விழுந்திருக்கும் என்று கழுவச் சொன்னேன். எனக்கும் கன்னம் லேசாகக் காந்தியது. ஒரு மணி இருக்கும், சமையல்கட்டில் நின்றிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு சத்தம். அந்த மாதிரி ஒரு சத்தத்தை அவளிடமிருந்து நான் கேட்டதே இல்லை.

“ஆத்தா... ஆத்தா... கண்ணுல மணலு! மணலைக் கொட்டுன மாதிரி இருக்குதே!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தது. மூடிய இமையின் இடுக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. கையை விலக்கிப் பார்க்கலாம் என்று போனால், வாசல் வெளிச்சம் பட்டதும் அலறினாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற எரிகிறது என்றாள். அழுகலுக்கு அடித்த மருந்து பட்டுவிட்டதோ என்று டப்பாவைத் தேடினேன். ஆனால் மருந்து அடித்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அப்புறம்தான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். நெற்றி, மூக்கு, கன்னம், கழுத்து, முழங்கைக்குக் கீழே இரண்டு கை, எல்லாம் சிவந்து பளபளவென்று இருந்தது. சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தவள் மாதிரி. ஒரு வாரமாக எங்கள் ஊரில் சூரியனையே யாரும் பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். என் முகமும் சிவந்திருந்தது. என் கண்ணிலும் எரிச்சல் ஆரம்பித்தது.  என்ன என்று தெரியாத பயம்தான் பெரிய பயம் என்று அப்போது நினைத்தேன். அது தப்பு என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரர் இரண்டரை மணிக்கு வந்தார். அவளை ஈரத்துண்டால் முகத்தை மூடி வண்டியில் ஏற்றித் தருமபுரிக்குக் கொண்டு போனோம். வழி நெடுக அவள் என் கையை நசுக்கிக்கொண்டே வந்தாள். பாலக்கோடு தாண்டும்போது, “அக்கா, எனக்குக் கண்ணு போயிருச்சுங்களா?” என்று கேட்டாள். நழுவிய துண்டை அவள் முகத்தில் இழுத்துப் போட்டேன்.

கண் டாக்டர் ஒரு பெண். முதலில் ஒரு சொட்டு மருந்து விட்டார். இரண்டு நிமிடத்தில் வலி அடங்கி அவள் கண்ணைத் திறந்தாள். மஞ்சளாக ஏதோ ஒரு சாயத்தை விட்டு, கருவியில் கன்னத்தை வைக்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“வெல்டிங் வேலை நடக்கிற எடத்துல நின்னீங்களாம்மா?”

“இல்லைங்க.”

“ரெண்டு பேருக்கும் மூஞ்சி வெந்திருக்கு. இவங்க கண்ணுல மேல் தோலே புள்ளிப் புள்ளியா உரிஞ்சிருக்கு. வூட்டுல புதுசா ஏதாவது லைட்டு போட்டீங்களா?”

நான் வாயைத் திறக்கும் முன்பு வீட்டுக்காரர் ஃபோனை எடுத்து, முந்தின நாள் எடுத்த போட்டோவைக் காட்டினார். டாக்டர் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

“இது எங்க கெடச்சுது உங்களுக்கு? இது ஆபரேஷன் தியேட்டர்ல போடறதும்மா. ஆளுங்க எல்லாம் வெளிய போனப்புறம், கதவைச் சாத்திட்டு, கிருமியக் கொல்றதுக்குப் போடற லைட்டு. இதுக்கு முன்னாடி மனுசங்க நிக்கவே கூடாது.”

கொல்கிறதுக்கு என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் பேசியது கொஞ்ச நேரம் விழவே இல்லை. வளர்ப்பதற்கென்று தேடித் தேடி நான் வாங்கி வந்தது அதுவா? என் கண்ணாடிதான் என் கண்ணை ஓரளவு காப்பாற்றியது என்று அவர் சொன்னதாக வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

அடுத்து டாக்டர் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிப் போட்டது.

“அந்த லைட்டு இப்ப அணைச்சிருக்கா?”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு. நான்கேகாலுக்கு வேன் வரும். பாப்பா இறங்கினால் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு நேரே கொட்டகைக்குத்தான் ஓடுவாள், அம்மா அங்கேதான் இருப்பாள் என்று.

“பாப்பா!” என்று ஓரகத்தி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

“அம்மா, எங்க வூட்டு மெயின் ஸ்விட்ச அணைங்க. இப்பவே அணைங்க.”

“என்னம்மா ஆச்சு? கரண்டு அடிச்சுருச்சா?”

“அப்புறம் சொல்றங்க. கொட்டாய்க்குள்ள போவாதீங்க, எட்டிக்கூடப் பாக்காதீங்க. வெளிய இருக்கற மெயினை மட்டும் அணைங்க. பாப்பா வந்தா உங்க வூட்டுலயே புடிச்சு வெச்சுக்கங்க.”

அவர் ஃபோனைக் கையில் பிடித்தபடியே நடந்தது கேட்டது. செருப்புச் சத்தம், நாய்ச் சத்தம், எங்கோ வேனின் ஹாரன். பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். “அணைச்சுட்டம்மா. வேனு இப்பத்தான் வருது.”

நான் அந்த ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மூன்று நாளில் தோல் வளர்ந்துவிடும், பார்வைக்குக் குறை வராது என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். களிம்பு போட்டு அவளுடைய இரண்டு கண்ணையும் கட்டி அனுப்பினார். அந்த இரண்டு நாளும் நான்தான் அவளுக்குச் சோறு ஊட்டினேன், பாத்ரூமுக்குக் கை பிடித்துக் கூட்டிப் போனேன். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் நான்கு ட்யூபையும் கழற்றிய பிறகு கொட்டகைக்கு நான் ஒருமுறை போனேன். நாற்றின் இலைகள் பித்தளைத் தகடு மாதிரி பழுப்பாகப் பளபளத்து, சுருண்டு கிடந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை. தொட்டால் நொறுங்கியது.

“நாத்து எப்படி இருக்குதுங்க்கா?” என்று கட்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

“அது கெடக்குது” என்றேன்.

மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். அவளுக்குப் பார்வை நன்றாக இருந்தது. கன்னத்தில் மட்டும் தோல் சுருள் சுருளாக உரிய ஆரம்பித்தது. அன்று மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, எனக்கு நெஞ்சில் தங்கவில்லை. ட்யூபில் எழுதியிருந்ததை நான் பார்த்தேன் என்று அவளிடம் சொன்னேன். முக்கோணக் குறி, கண் என்ற சொல், எதையும் மறைக்கவில்லை.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“பாத்தியா?”

நான் தலையை ஆட்டினேன்.

“நீ பாத்தியா? கண்ணுன்னு எழுதியிருக்கறத பாத்துட்டா மாட்டுன? எனக்குத்தான் இங்கிலீசு படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கம் மூஞ்சியக் காட்டுவனா? எம் புள்ள உள்ள போயிருந்தா?”

அவள் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம். ஒருநாள்கூட என்னை அவள் ‘நீ’ என்று சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் மூத்தவளை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கன்னத்தில் அறைந்திருந்தாலும் நான் அவ்வளவு அதிர்ந்திருக்கமாட்டேன்.  அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. பந்தல் பக்கமே வரவில்லை. இதற்கிடையில் விதை கொடுத்த விவசாயிக்கு நான்தான் ஃபோன் போட்டுச் சொன்னேன். நேரில் வந்தார். கத்துவார் என்று நினைத்து வாசலில் நின்றேன். கொட்டகையைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார். திரும்பும்போது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓரகத்தியின் உரிந்த முகத்தையும் பார்த்தார். கத்தாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாம் நாள் காலையில் அவள் புடவை மாற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“அந்தக் கடைக்காரன்கிட்ட ஆறு இருந்துச்சுன்னு மாமா சொன்னாரு. நாலுதான் நாம வாங்குனோம். மீதி ரெண்டு எங்க?” என் வீட்டுக்காரரை அவள் மாமா என்றுதான் சொல்வாள்.

இந்த ஒரு வாரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. என் தப்பு, என் கவலை என்று அதிலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். கண் வெந்து கிடந்தவளுக்குத்தான் அது தோன்றியது.

அவளும் நானும் பஸ் ஏறினோம். கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஸ்டூல் போட்டார். நாங்கள் சொன்னதைக் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார். “சத்தியமா எனக்குத் தெரியாதுங்கம்மா” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். தெரியாதுதான். எனக்காவது எழுத்துக் கூட்டத் தெரிந்தது.

“மீதி ரெண்டையும் வித்துட்டீங்களா?”

“வித்துட்டங்களே! ஒண்ணு பைக்குல வந்த ஒருத்தரு வாங்கிட்டுப் போனாரு, ஆளு யாருன்னு தெரியாது. இன்னொண்ணு தொப்பூர்ல ரோட்டோரமா ஓட்டல் வெச்சிருக்கறவரு. ஈ, பூச்சி வராம இருக்க நீல லைட்டு வேணும்னாரு.”

ஓட்டலின் அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு தொப்பூருக்குப் போனோம். மலை இறக்கத்தில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அந்த ஓட்டலில் மதியக் கூட்டம் முடிந்திருந்தது. அடுப்புக்கும் பரோட்டாக் கல்லுக்கும் மேலே, ஆள் உயரத்துக்குச் சற்று மேல், அந்தக் கண்ணாடிக் குழாய் தொங்கியது. பகல் என்பதால் அணைந்திருந்தது. கல்லுக்குப் பின்னால் யாரும் இல்லை.

“பரோட்டா மாஸ்டர் இல்லைங்களா?” என்று ஓரகத்திதான் கேட்டாள்.

முதலாளி அலுத்துக்கொண்டார். “அவனுக்கு மெட்ராஸ் ஐயாம். ரெண்டு கண்ணும் செவந்து, தெறக்க முடியலன்னு ஊருக்குப் போயிட்டான். அவனுக்குப் பதிலா நின்னவனுக்கும் ஒட்டிக்கிச்சு. சாயங்காலம் பரோட்டா கெடையாது, சாப்பாடு வேணும்னா உக்காருங்க.”

 நான் மேலே தொங்கிய குழாயைப் பார்த்தேன். ஓரகத்தி முக்காட்டை விலக்கி, உரிந்துகொண்டிருந்த கன்னத்தை அவருக்கு நேராகக் காட்டினாள்.

“அண்ணா, அது மெட்ராஸ் ஐ இல்லைங்க. மேல தொங்குது பாருங்க, அதுங்க. எனக்கும் அதுதான் ஆச்சு.”

அவர் நம்பவில்லை. லைட்டால் கண் வலிக்குமா, ஊரெல்லாம் லைட் எரிகிறதே என்று கேட்டார். அவள் பொறுமையாக ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மணல் கொட்டிய மாதிரி எரிந்தது, தண்ணீர் ஊற்றினாலும் அடங்காதது, காலையில் உட்கார்ந்ததற்கு மத்தியானம்தான் வலி வந்தது. கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது. “அவனும் மணலுன்னுதான் சொன்னான். சாயங்காலம் லைட்டுக்குக் கீழ நிப்பான், விடியக்காலைல எழுந்து கத்துவான்.” உடனே மாஸ்டருக்கு ஃபோன் போட்டார். மாஸ்டர் தன் ஊரில் கண்ணுக்குத் தாய்ப்பால் விட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஆனால் நான்கு நாளாக லைட்டுக்குக் கீழே நிற்காததால் கண் தெளிந்துகொண்டு வந்தது. அதைக் கேட்டதும் முதலாளி மேஜை மேல் ஏறி, தானே ட்யூபைக் கழற்றினார். கீழே இறங்கி எங்கள் இருவரையும் பார்த்து, “சாப்புட்டுத்தான் போவணும்” என்றார். சாப்பிட்டோம். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

திரும்பும் வழியில் தருமபுரியில் இறங்கி, புது விளக்கு விற்கும் கடைக்குப் போனோம். இந்தத் தடவை பேசியது முழுக்க அவள்தான். டப்பாவை ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டி, “படிங்க, எல்லாத்தையும் படிங்க” என்றாள். சின்ன எழுத்தைக்கூட விடாமல் படிக்கச் சொன்னாள். கடைப் பையன் கொட்டாவி விட்டான். சிவப்பும் நீலமும் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். வீட்டுக் கூடத்தில் போடுகிற சாதாரண வெள்ளை எல்.இ.டி. ட்யூப், பகல் வெளிச்சம் என்று டப்பாவில் போட்டிருந்தது, அதுதான். வெள்ளைக்குள் நீலமும் சிவப்பும் இருக்கிறது என்று அந்தப் புது விளக்குக் கடைக்காரர் சொன்னார். எந்த வீடியோவிலும் எனக்கு அது கண்ணில் பட்டிருக்கவில்லை, அல்லது நான் கேட்கத் தயாராக இல்லை.

அடுத்த நாள் மாலை அந்த விவசாயி மறுபடி வந்தார். கையில் புது விதைப் பொட்டலம். “கண்ணு பரவாயில்லைங்களா?” என்று ஓரகத்தியைக் கேட்டார். பிறகு என்னிடம் பொட்டலத்தைக் கொடுத்தார்.

முதல் தட்டுகளுக்கு ஒரு முழ உயரத்தில் விளக்கைக் கட்டினோம். முளைத்த நாற்று கொஞ்சம் நீண்டது. அவள் பார்த்துவிட்டு, “கிட்ட எறக்குங்க” என்றாள். ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினோம். நீளுவது நின்றது. காலை ஐந்து மணிக்குப் போட்டு, சாயங்காலம் ஏழுக்கு அணைத்தோம். முதல் சில நாள் நாங்கள் இருவருமே விளக்கு எரியும்போது உள்ளே போகவில்லை. அணைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வருவோம். அது வெறும் வீட்டு விளக்குதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் கால் உள்ளே போகவில்லை. ஒருநாள் பாப்பா தெரியாமல் உள்ளே போய், நாற்றில் மூன்றாவது இலை வந்துவிட்டது என்று கத்திக்கொண்டு வந்தது. அன்று முதல் போக ஆரம்பித்தோம்.

மார்கழிப் பனியில், மூன்று வாரத்துக்கு மேல் பிந்தி, குடைமிளகாய் நாற்று கிளம்பியது. குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சையாக இருந்தது. விவசாயி ஒரு நாற்றைக் குழியிலிருந்து உருவி வேரைப் பார்த்தார். வெள்ளை வேர் கட்டி நின்றது. “இதுக்கு முன்னாடி குடுத்ததை விட இது நல்லா இருக்குதுங்க” என்றார். ஓரகத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தும் வாய்க்கு வரவில்லை.

பைக்கில் வந்து ஆறாவது ட்யூபை வாங்கிப் போனவரை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. பழைய சாமான் கடைக்காரர் வாசலில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரித்தார். யாரும் வரவில்லை. இன்றும் பஸ்ஸில் போகும்போது எந்தக் கடைக்குள்ளாவது, எந்த வீட்டுச் சன்னலிலாவது லேசான நீல வெளிச்சம் தெரிந்தால், நானும் அவளும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிடுகிறோம்.